‘திரும்பப் பெறுகிறோம்’ என்று சொன்னேன்

போன மாதம் வடக்கனந்தலில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, மண்டபத்து வாசலில் நின்ற ஒரு காரின் முன்கதவைத் திறந்து உள்ளே தலையை நுழைத்துக்கொண்டிருந்தேன். பெண்வீட்டுக்காரர் ஒருவர் பதறிப்போய், "யாருங்க அந்தம்மா? வண்டியில இன்னாத்தத் தேடிக்கினு இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். என் தங்கை வீட்டுக்காரர் அசராமல் சொன்ன பதில்: "அவங்க ரிட்டையர் ஆயிட்டாங்க. வேலைதான் இன்னும் அவங்கள வுடல."

நடந்தது இதுதான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் கார் வகையில் ஏதோ கோளாறு என்று செய்தி படித்திருக்கிறார். தன் காரும் அதில் உண்டா என்று பார்க்கக் கம்பெனி இணையதளத்தில் சாசி நம்பரை அடித்தால், தவறான எண் என்றே வருகிறதாம். எண்ணைப் படிக்கச் சொன்னேன். "எம், ஏ, ... நாலு, ஓ, ஏழு..." என்றார். ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஓ கிடையாதுங்க. அது பூஜ்யம்."

இது தெரியாமல் எத்தனை பேர் அவதிப்படுகிறார்கள்! ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலையிலேயே பதினேழு இடம் உள்ள ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். நம்பர் பிளேட்டில் இருப்பது பின்னால் வந்த பெயர். இதுதான் பிறவிப் பெயர். இந்தப் பதினேழில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. ஒன்றையும் பூஜ்யத்தையும் போலத் தெரிந்து குழப்பும் என்றுதான் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். நான் வாசலுக்குப் போய், கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருந்த தகட்டைக் கைக்குட்டையால் முதலில் நன்றாகத் துடைத்துவிட்டு, எண்ணைப் படித்து, அவர் போனில் அடித்தேன். அவர் கார் பட்டியலில் இல்லை. மனிதர் நிம்மதியாகப் பாயசத்துக்குப் போனார். எனக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஏன் முதலில் துடைத்தீர்கள் என்று அந்த மண்டப வாசலில் ஒரு பெண் கேட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கார் ஓட்டத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு டெலிபோன் பூத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் வந்து பூத்தை மூட வைத்தது. ஊரில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும் என்பதால் சர்வீஸ் சென்டரில் போன் மேசையில் உட்கார வைத்தார்கள். கிளட்ச் என்றால் என்ன, பிரேக் என்றால் என்ன என்பதையெல்லாம் மெக்கானிக் காதரிடம் ஆறு மாதம் டீ வாங்கிக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் தேவராஜ் சார் என்னைவிட எட்டு வயது சின்னவர். சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், இரண்டு காலையும் மடக்குவார், மேசையில் வைப்பார். அப்புறம்தான் வாய் திறப்பார். அந்தக் கண்ணாடி மேசையைத் தொடும் சத்தம் கேட்டால் பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிடும்.

விற்ற கார்களில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏதோ ஒரு பாகம் சரியில்லை என்று கம்பெனிக்குப் பிற்பாடு தெரிய வருவதுண்டு. அந்தக் கார்களின் சாசி நம்பர்களை எங்களுக்கு அனுப்புவார்கள். சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்து, வரவழைத்து, அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இதற்கு ரீகால் என்று பெயர். தமிழில் என்ன பெயர் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அது பின்னால் வருகிறது.

என் முதல் ரீகாலிலேயே ஒரு தப்பு செய்தேன். சின்னசேலத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இன்சூரன்ஸ் நகலைக் கொண்டுவந்து நீட்டினார். மங்கலான ஜெராக்ஸ். அதைப் பார்த்துப் படித்து, "உங்க வண்டி இதுல இல்லைங்க சார்" என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் தேவராஜ் சார் என் குறிப்பைப் பார்த்தார். கண்ணாடி மேசைக்கு வந்தது.

"பத்மாம்மா, இது எட்டா, பி-யா?"

"எட்டு மாதிரிதான் இருந்தது சார்."

"நீங்க பேப்பரப் படிச்சீங்க. வண்டியப் படிக்கல. நாளைக்குக் காலைல சின்னசேலம் போயிட்டு வந்துடுங்க."

திட்டவில்லை. பஸ் ஏற்றி அனுப்பினார். அது பி-தான். தலைமையாசிரியர் காபி கொடுத்தார். கூடவே என் கையெழுத்தில் நாலு திருத்தமும் சொன்னார். அன்றிலிருந்து சாரின் சட்டம் என் மேசைக்கு மேலே எழுதித் தொங்கியது: ‘வண்டியைப் பார்த்துப் படிக்கவும்.’ அதற்குக் கீழே, ‘ஐ இல்லை, ஓ இல்லை, க்யூ இல்லை.’ ரேஷன் கடை வாசகம் மாதிரி இருக்கிறது என்று காதர் கிண்டல் செய்வார்.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு, நான் ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தபோது நடந்தது.

பிரேக் ரீகால். பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு ரப்பர் வளையம். அது சூட்டில் தளர்ந்து எண்ணெய் கசிகிறது. சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு லேசில் தெரியாது. மலைச் சரிவில் விடாமல் மிதித்துக்கொண்டே இறங்குகிறவனுக்கு ஒருநாள் மிதி தரைவரை போய்விடும். எங்கள் பங்குக்கு முப்பத்தோரு வண்டி. முப்பது வந்துவிட்டது. மிச்சம் ஒன்று. மாணிக்கம், வெள்ளிமலைக்கு அப்பால் கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர்.

முப்பது வண்டிக்கும் கம்பெனி அனுப்பிய தமிழ்த் தாளைப் பார்த்துத்தான் போனில் பேசினேன். மாணிக்கத்துக்கும் அப்படியே படித்தேன். "வணக்கங்க. உங்க வாகனத்தைக் கம்பெனி திரும்பப் பெறுகிறது."

 அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க வண்டியயா? நான் இன்னாங்க தப்பு பண்ணேன்?" என்ற குரல். நான் அடுத்த வரியைப் படிப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. அன்றைக்கு அணைந்ததுதான். பத்து நாள் விடாமல் அடித்தேன், தபால் போட்டேன். பதில் இல்லை.

சாரிடம் போய் நின்றேன்.

"நீங்க இன்னா சொன்னீங்களோ அத அப்பிடியே சொல்லுங்க."

சொன்னேன். கண்ணாடி மேசைக்கு வந்தது.

"கம்பெனி எழுதிக் கொடுத்ததுதானே சார்?"

"எழுதனது கம்பெனி. கேட்டது அவருதானே? பிடுங்க வராங்கன்னுதான் நெனச்சிருப்பாரு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டெலிபோன் பூத்தில் எத்தனை நல்லதையும் கெட்டதையும் பக்குவமாகச் சொன்னவள் நான்! பிறந்த சேதியையும் இறந்த சேதியையும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்தவளுக்கு, ஒரு தாளைப் பார்த்துப் படித்ததும் புத்தி எங்கே போயிற்று? அந்த மனிதர் கசியும் பிரேக்கோடு எந்த வளைவில் இறங்கிக்கொண்டிருக்கிறாரோ!

"நானே போறேன் சார்" என்றேன்.

"காதரையும் கூட்டிக்கினு போங்க. பாகத்தையும் எண்ணெயையும் கையோட எடுத்துப் போங்க. அந்த வண்டியக் கீழ எறக்க வேணாம். அங்கயே மாத்திடுங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "திரும்பப் பெற" என்று தனக்குள் சொல்லித் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் காதர், "இங்க மிதி போச்சுன்னா..." என்று ஆரம்பிப்பார், நான் முறைத்ததும் நிறுத்திக்கொள்வார். பலாப்பழ வாசனை வண்டிக்குள் நிறைந்திருந்தது. எனக்கு அதை ரசிக்கும் மனநிலை இல்லை.

ஊருக்குள் நுழைந்ததும் எதிரே வந்த ஒரு பெரியவரிடம் மாணிக்கம் வீட்டைக் கேட்டேன். காதர் சட்டையிலும் என் பையிலும் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தார்.

"மாணிக்கமா? அப்பிடி யாரும் இல்லியேம்மா."

"வெள்ளைக் கலர்ல பெரிய வண்டி வெச்சிருப்பாரு."

"வண்டியா? இந்த ஊர்லயா?" என்று ஆச்சரியப்பட்டார். அவர் காலடியிலேயே டயர் தடம் காய்ந்த சேற்றில் பளிச்சென்று போய்க்கொண்டிருந்தது.

தடத்தைப் பிடித்து நடந்தோம். ஒரு வீட்டின் பக்கவாட்டில் வைக்கோல் போர். ஒரு கோழி அதன் பக்கத்தில் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. காதர் உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வைக்கப்போருக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்குது" என்றார். கோழி உட்கார்ந்திருந்தது காரின் பக்கக் கண்ணாடியின் மேல்.

என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டு முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் வெளியே ஓடிவந்தார்.

"வண்டி இல்லீங்க. வித்துட்டேன்" என்றார், வைக்கோலுக்கு முன்னால் கையை விரித்து நின்றபடி. அப்போது கோழி கண்ணாடியை விட்டுக் குதித்தது. கொஞ்சம் வைக்கோலும் கூடவே விழுந்தது. உள்ளே வெள்ளைக் கதவு.

வாசற்படியில் நின்ற அவர் மனைவி முதலில் சிரித்தாள். நிறைமாதம், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பெயர் செல்வி. "போதும் வாய்யா, உள்ள வரச்சொல்லு. வெயில்ல நிக்கிறாங்க" என்றாள்.

மாணிக்கம் நகரவில்லை. "இந்த வண்டியிலதாங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஏத்தறேன். ஊர்ல யாருக்கு ஒடம்புக்கு முடியலன்னாலும் இதுதான் கீழ போவுது. இதத் திருப்பி வாங்கிக்கினா நாங்க இன்னா பண்றது?"

நான் சுற்றிலும் பார்த்தேன். கதவோரம் ஒரு பை தயாராகக் கட்டி வைத்திருந்தது. மேலே ஒரு புதுத் துண்டு.

"எங்கம்மா கெளம்பற?" என்று செல்வியைக் கேட்டேன்.

"அம்மா வூட்டுக்குங்க. தலைப்பிரசவம். அடிவாரத்துல இருக்காங்க, ஆஸ்பத்திரியும் கிட்ட. வந்து கூப்பிட்டுட்டுப் போனாங்க. நாளன்னைக்கு எறங்கறோம்."

"எதுல எறங்கறீங்க?"

"இதுலதான்" என்று வைக்கோல் போரைக் காட்டினாள்.

 அந்த நிமிஷம்தான் எனக்கு வார்த்தை கிடைத்தது.

"ஒன்ன ஒங்க அம்மா வூட்டுல கூப்பிட்டாங்களே, திரும்ப வாங்கிக்கினாங்களா?"

"அய்ய, அது எப்பிடிங்க? புள்ள பொறந்து தேறனதும் சீரோட அனுப்பி வெப்பாங்க."

"அதேதாம்மா. நான்தான் தப்பாச் சொல்லித் தொலைச்சேன். வண்டி பொறந்த வூட்டுல கூப்பிடறாங்க. ஒரு பாகம் சரியில்ல, அத மாத்தி, அன்னைக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. காசு பணம் கெடையாது. வாயும் வயிறுமா இருக்கற வண்டின்னு நாங்களே இங்க வந்துட்டோம்."

செல்வி புருஷனைப் பார்த்தாள். "கேட்டியா? இதுக்காய்யா பத்து நாளா வைக்கப் போட்டு மூடி வெச்ச? புள்ளைங்கள நடக்க வுட்ட?"

மாணிக்கம் முகம் தெளிந்தது; ஆனால் விடவில்லை. "அதுக்கில்லீங்க. நான் வெள்ளிமலை போயி நெட்டுல நம்பர் போட்டுப் பாத்தேன். எங்க வண்டி அதுல இல்லன்னு வந்துச்சு. பாருங்க." போனை நீட்டினார். உண்மைதான். உங்கள் வாகனம் இந்தப் பட்டியலில் இல்லை என்று தெளிவாக இருந்தது.

"நம்பர் எங்க பாத்தீங்க? பேப்பர்லயா?"

"வண்டியிலதாங்க பாத்தேன்."

சாரின் சட்டப்படிதான் செய்திருக்கிறார்! எனக்குத் தலை சுற்றியது. இவர் வண்டி இல்லையென்றால் எங்கள் குறிப்பு தப்பு. அப்படியானால் அந்த முப்பத்தோராவது வண்டி வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. காதர்கூட, "லிஸ்ட்டே தப்பா இருக்குமோ அக்கா" என்றார்.

வைக்கோலை ஒதுக்கி முன்கதவைத் திறந்தேன். தூணில் தகடு. அதில் எண் தெரியவில்லை. மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் ஒன்றன் மேல் ஒன்றாக அப்பியிருந்தது.

"வண்டி எடுக்கும்போது அங்க இருந்த ஒருத்தரு, இதுதாம்மா வண்டியோட பேருன்னு காட்டுனாரு" என்றாள் செல்வி. "பேரு இருக்கற எடத்துல பொட்டு வெக்கறதுதானே மரியாத? வெள்ளிக்கெழமை தவறாம வெச்சிருவேன்."

மாணிக்கம் விரலால் சுரண்டி எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியிலிருந்து நாலாவது இடத்தில் "மூணு" என்றார். என் குறிப்பில் அந்த இடத்தில் எட்டு. மற்ற பதினாறும் சரி.

காதர் தண்ணீர் கொண்டுவந்தார். நான் புடவைத் தலைப்பை நனைத்து மெதுவாகத் துடைத்தேன். பல வருஷத்துச் சந்தனம், ஊறித்தான் வந்தது. அந்த மூன்றின் இடது பக்கப் பள்ளத்தில் அடைத்திருந்த குங்குமம் கரைந்து வழிந்தது. மூன்று மெல்ல மெல்ல எட்டாகிவிட்டது.

 செல்விதான், "அய்யோ, பொட்ட அழிச்சிட்டீங்களேக்கா" என்றாள். அவளிடமே குங்குமம் வாங்கி, தகட்டுக்குக் கீழே புதுசாக வைத்தேன். "பேருக்குப் பக்கத்துல வெய்ம்மா. பேரு மேல வெக்காத" என்றேன்.

பிறகு காதரின் ராஜ்ஜியம். பானெட்டைத் திறந்து பழைய சிலிண்டரைக் கழற்றினார். அதன் பின்பக்கம் எண்ணெயில் பளபளவென்று நனைந்திருந்தது. ஒரு விரலால் தொட்டு மாணிக்கத்திடம் காட்டினார். "எறங்க எறங்கச் சூடு ஜாஸ்தி ஆவும். மிதி கம்மி ஆயிக்கினே வரும்."

மாணிக்கம் அப்படியே கீழே உட்கார்ந்தார். "கடைசியா எறங்கனப்ப ரெண்டு வாட்டி மிதிச்சாத்தான் நின்னுச்சுங்க. ஆளு ஜாஸ்தின்னு நெனச்சிக்கினேன்." பத்து நாள் அந்த வண்டியை வைக்கோலுக்குள் மூடிவைத்த என் தப்பு வார்த்தையை அந்த நிமிஷத்தில் நான் மன்னித்துவிட்டேன்.

புதுசை மாட்டினால் மட்டும் போதாது. குழாய்க்குள் ஒரு சொட்டுக் காற்றுகூட இருக்கக் கூடாது. ஒருவர் பிரேக்கை மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்கு அருகில் திருகைத் திறந்து மூட, ஒருவர் குழாயின் முனையைப் பாட்டிலுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். மாணிக்கம் மிதித்தார், காதர் திருகினார், நான் பாட்டில் பிடித்தேன். "மிதிங்க... புடிச்சிக்கினே இருங்க... வுடுங்க" என்று காதர் ராகம் போட்டார். செல்வி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாட்டிலில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். "வருதுங்க... இன்னும் வருது... இப்ப வரல!" வண்டியே இல்லை என்ற பெரியவரும் வந்து நின்று, மிதிப்பது எப்படி என்று மாணிக்கத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நாலு சக்கரமும் முடிந்ததும் மாணிக்கம் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்குதுங்க!" என்று கத்தினார். ஊரே சிரித்தது. எங்களுக்குச் சாமைச் சோறும் பலாப்பழமும் கிடைத்தன. வரும்போது தொந்தரவாக இருந்த பலாப்பழ வாசனை போகும்போது தேவாமிர்தமாக இருந்தது.

நாலாம் நாள் மாணிக்கம் போன் செய்தார். அவரே செய்தார்! பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். "ஒரே மிதியில நின்னுச்சுங்க, எல்லா வளைவுலயும்" என்றார். நான் மேசையில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் வைக்கவில்லை, துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், என் மேசைக்கு மேலே தொங்கிய சட்டத்தில் தன் கையாலேயே ஒரு வார்த்தையைச் சேர்த்தார்: ‘வண்டியைத் துடைத்துவிட்டு, பார்த்துப் படிக்கவும்.’

அடுத்த வாரம்தான் வேடிக்கை. மலையிலிருந்து வண்டி வண்டியாக இறங்கி வந்தார்கள். "பொறந்த வூட்டுல கூப்பிடறாங்களாமே, எங்க வண்டியப் பாருங்க" என்று வரிசை கட்டி நின்றார்கள். எல்லாத் தகட்டையும் துடைத்தேன். ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால் அந்தப் பெரியவர் முகம் வாடிவிட்டது. தன் மகனுடைய வண்டியில் வந்திருந்தார். "மாணிக்கம் வண்டியக் கூப்பிட்டீங்க. எங்க வண்டிய இன்னாத்துக்குக் கூப்பிடல?"

சார் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, மேசையில் வைத்தார். "உங்க வண்டி போன எடத்துல நல்லா இருக்குதுங்க. அதான் கூப்பிடல" என்றார். அவர் நகைச்சுவை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போன வருஷம் ஓய்வுபெற்றேன். மாலை போட்டு, கேக் வெட்டி, எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். நானும் பெரிதாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நாளைக் காலையில் எழுந்து எங்கே போவது என்ற நினைப்புதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அப்போது வெள்ளை வண்டி ஒன்று வளாகத்துக்குள் வந்து நின்றது. மாணிக்கம், செல்வி, கையில் ஒரு பலாப்பழம், கூடவே தத்தித் தத்தி நடக்கும் ஒரு பெண் குழந்தை.

செல்வி நேராக என்னிடம் வந்தாள். எல்லாரும் பார்க்க, என் பழைய தாளைப் படிக்கும் குரலிலேயே சொன்னாள்:

"வணக்கங்க. உங்கள நாங்க திரும்பப் பெறுறோம். நாளைக்கே கெளம்பி வரணும்."

பட்டறை முழுக்கச் சிரித்தது. மறுநாள் காலை அவர்கள் வண்டியிலேயே மலை ஏறினேன். ஏறும் முன் முன்கதவைத் திறந்து பார்த்தேன். பொட்டு தகட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.